திரையை அணைத்துவிட்டு ஓர் அப்பாயின்ட்மென்ட்

மயிலாப்பூரில் லஸ் பக்கம் இருக்கும் ஒரு கிளினிக்கில் கம்ப்யூட்டர் பிரிவு மொத்தமும் நான்தான். பதவியின் பெயர் என்னவோ ஐ.டி. மேனேஜர். ஆனால் எனக்குக் கீழே வேலை பார்க்க யாரும் கிடையாது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அடையாறு கிளையில் இன்டர்நெட் போனாலும் என்னைத்தான், தி. நகர் கிளையில் டாக்டர் பாஸ்வேர்டை மறந்தாலும் என்னைத்தான். எல்லாருக்கும் நான் ‘சிஸ்டம் மேடம்’.

எங்கள் சர்வர் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் புகுந்துவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் ஒரு பக்கமும் வாட்ச்மேன் ஒரு பக்கமுமாகப் பிடித்து, அந்தப் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழுக்கும் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதே முடிவு செய்துவிட்டேன், இந்தச் சுமை இனி நமக்கு வேண்டாம் என்று. அதனால் எங்கள் நிர்வாகி, கிளினிக்கை ஆரம்பித்த டாக்டரின் மகள், “எல்லாத்தையும் ஆன்லைன் சர்வீஸுக்கு மாத்திடலாமா?” என்று கேட்டபோது, முதலில் சரி என்றவள் நான்தான்.

அலுவலக மென்பொருளைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வாங்குகிறவர் அதை உபயோகிப்பதில்லை. உபயோகிக்கிறவரை யாரும் கேட்பதில்லை. தி. நகரில் ஒரு புடவை எடுப்பதென்றால்கூட, கட்டிக்கொள்ளப் போகிறவளையும் அழைத்துக்கொண்டுதான் போகிறார்கள். மூன்று கிளைகளை நடத்தப் போகிற மென்பொருளை மட்டும் குளிர்ந்த ஓர் அறையில், காபியும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, சுவரில் விழும் படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம்.

எங்களுக்கும் அப்படித்தான் ஒரு டெமோ நடந்தது. கோட் போட்ட விற்பனைக்காரர் ஒருவர் வந்து காட்டினார். திரை அழகாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஒரு நாளின் நேரமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக விரிந்தன. காலியாக இருந்தால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. நோயாளியின் பெயரை மவுஸால் பிடித்து இழுத்துக் கட்டத்தில் போட்டால் அப்பாயின்ட்மென்ட் முடிந்தது. நிர்வாகி கை தட்டினார். நான் பேக்கப் பற்றியும் பாதுகாப்பு பற்றியும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

அந்த நேரத்தில், கீழே முன் மேஜையில், அந்த மென்பொருளை நாள் முழுக்க உபயோகிக்கப் போகிறவள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் எங்கள் அப்பாயின்ட்மென்ட் மேஜையின் பொறுப்பாளர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ராயப்பேட்டையில் வீடு, அப்பாவுக்கு மெத்தைக் கடை, வீட்டில் உருது பேசுவார்கள். ஆங்கில இலக்கியம் படித்தவள். இடது காதில் ஃபோன், வலது காதில் ஸ்கிரீன் ரீடர். திரையில் இருக்கும் எழுத்துகளை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. அவள் வைத்திருக்கும் வேகத்தில் நம் காதுக்குக் கொசு பாடுவதுபோலத்தான் கேட்கும். அவளுக்கு அதில் ஒரு வார்த்தை தப்பாது. எங்கள் பழைய மென்பொருள் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் முழுக்க முழுக்கக் கீபோர்டிலேயே ஓடும். மூட்டுவலிக்காரர் தன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு டாக்டர், நாள், நேரம் எல்லாம் போட்டுவிடுவாள். உருதுவில் பேசுகிற பெரியவர்கள் அவளைக் கேட்டே ஃபோன் செய்வார்கள்.

புது மென்பொருள் சோதனைக்கு வந்ததும் முதலில் அவளுடைய கம்ப்யூட்டரில்தான் திறந்து வைத்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு விசைகளைத் தட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் நெற்றி சுருங்கியது.

“இன்னாக்கா இது? பட்டன், பட்டன், பட்டன்னு சொல்லிக்கினே போவுது. எந்த பட்டன்னு சொல்லவே மாட்டேங்குது. டெய்லர் கடைல குந்திக்கினு கீற மாதிரி கீது.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் நெடுநேரம் முயன்று பார்த்தோம், சிரிப்பு போய்விட்டது. பட்டன்களில் படம் வரைந்திருந்தார்களே ஒழிய, அந்தப் படம் என்ன என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுத்து இல்லாத இடத்தில் ஸ்கிரீன் ரீடர் எதை வாசிக்கும்? பச்சை, சிவப்புக் கட்டங்களுக்குப் போனால் “கட்டம், கட்டம்” என்றது. மவுஸால் இழுத்தால்தான் அப்பாயின்ட்மென்ட் விழும். கீபோர்டில் வழியே இல்லை.

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்று ஆங்கிலத்தில் அழகாகப் பதில் வந்தது. அடுத்த நாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது’ என்று இன்னொரு பதில் வந்தது. திரும்ப எழுதினேன். திரும்ப மூடினார்கள். ஆன்லைன் சேவைகளில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான். சண்டை போடக்கூட எதிரே ஓர் ஆள் இருக்கமாட்டார்.

நிர்வாகியின் அறைக்கு இரண்டு பேரும் போனோம். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அவளை வேலையை விட்டு அனுப்பறேன்னா சொல்றேன்? சம்பளம் அதேதான். ரிப்போர்ட்டெல்லாம் கவர்ல போடற எடத்துல உக்காந்துண்டு நிம்மதியா இருக்கட்டுமே. இந்த ஃபோன் டென்ஷன் எதுக்கு அவளுக்கு?”

“மேடம், எனக்கு டென்ஷன் புடிக்கும்” என்றாள் அவள்.

நிர்வாகி அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

“ஃபோன் பண்றப்போ ஒவ்வொருத்தரும் பயந்துக்கினு பேசுவாங்க மேடம். வைக்கறப்போ தெம்பா வைப்பாங்க. நடுவுல நான் இருக்கேன். அந்த வேலைதான் எனக்கு வேணும். கவர் ஒட்ட நான் வரல.”

“மாத்தறதைத் தள்ளிப்போடலாமே” என்றேன் நான்.

“பழைய சர்வர் இன்னொரு மழையைத் தாங்காதுன்னு சொன்னதே நீங்கதானே? மாசக் கடைசிக்குள்ள அந்தக் கம்பெனிக்காரா இதைச் சரி பண்ணிக் குடுத்தா எனக்கு என்ன ஆட்சேபணை? பேசிப் பாருங்கோ.”

பேசிப் பார்க்கலாம் என்றால் யாரிடம் பேசுவது? டெமோ காட்டியவர் வெறும் ஏஜென்ட், விற்றதோடு ஃபோனையே எடுப்பதில்லை. அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் பனி பெய்யும் ஏதோ ஒரு நகரத்தின் படம் போட்டிருக்கும். கடல் தாண்டிப் போய்க் கதவைத் தட்டவா முடியும்? நாங்கள் வாங்கிய திட்டத்தில் ஃபோன் உதவியும் உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு, தினமும் விடாமல் கூப்பிட்டேன். ஒருநாள் மதியம் ஒரு வழியாக ஓர் இளைஞன் எடுத்தான். நுனிநாக்கு ஆங்கிலம். என் அறையில் ஸ்பீக்கரைப் போட்டு வைத்தேன், அவளும் பக்கத்தில் இருந்தாள். அவன், ‘இதை எங்கள் தயாரிப்புக் குழுவிடம் சொல்கிறேன், கொஞ்சம் காத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனான். பாட்டு வரும் என்று பார்த்தால் குரல் வந்தது.

“மச்சி, நீ போய் டோக்கன் வாங்கி வைடா. ஒரு ஆன்ட்டி புடிச்சிக்கினு விட மாட்டேங்குது. பிரியாணி தீந்துடப் போவுது.”

ஆன்ட்டி என்றதற்குக் கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

“பிரியாணி தீந்துடும்பா. நீ போய் சாப்டுட்டு வா. ஆன்ட்டியும் நானும் லைன்லயே கீறோம்.”

பிறகு மெதுவாக, “மேடம்... சாரி மேடம். மியூட் பண்ணிட்டேன்னு நெனச்சேன்” என்றான்.

“அத்த வுடு. உங்க ஆபீஸு எங்க கீது?”

“அடையார், மேடம்.”

அவள் கைகொட்டிச் சிரித்த சிரிப்பில் எக்ஸ்ரே ரூம் பெண் எட்டிப் பார்த்தாள். பனி பெய்யும் ஊர் என்று நாங்கள் மலைத்துப் போயிருந்த இடம், ஆட்டோ ஏறினால் மந்தைவெளி தாண்டிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்! என் கையிலிருந்த பேனாவைத் தூக்கிப் போட்டுப் பிடித்தேன்.

மறுநாளே கிளம்பினோம். அந்தப் பையன், பாவம், தன் மேலதிகாரியிடம் கெஞ்சி நேரம் வாங்கி வைத்திருந்தான். ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு மாடி. வாசலுக்கே வந்து எங்களை அழைத்துப் போனான். உள்ளே இளைஞர்களும் யுவதிகளுமாகக் கம்ப்யூட்டர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். குழுத்தலைவருக்கு நாற்பது வயது இருக்கும். மரியாதையானவர், ஆனால் பிடி கொடுக்கவில்லை.

“நீங்க சொல்றது புரியுது மேடம். எங்க பிளான்ல இருக்கு. அடுத்த வருஷம் எடுத்துப்போம்.”

“சரி சார்” என்றாள் அவள். “ஒரு சின்ன உதவி. உங்க சாஃப்ட்வேரத் தொறங்க. திரைய ஆஃப் பண்ணிடுங்க. எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டுக் குடுங்க. நாளைக்குக் காலைல, கண் டாக்டர்.”

கண் டாக்டர் என்று அவள் சொன்ன விதத்தில் யாருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவளே சிரித்தாள். பக்கத்து மேஜையில் இருந்த ஒரு பெண் கை நீட்டித் திரையை அணைத்தாள். அந்தப் பெண்தான் அந்தக் கட்டங்களை வடிவமைத்தவள் என்று பிறகு தெரிந்தது. ஸ்கிரீன் ரீடரை அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பட்டன். பட்டன். கட்டம். கட்டம். கட்டம். அந்தப் பெண் விசைகளை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். இன்னொருவன் வந்து தட்டினான். முதலில் ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். போகப் போக நாற்காலிகள் நெருங்கி வந்தன. தாங்களே கட்டிய வீட்டுக்குள் வாசல் தெரியாமல் தடவிக்கொண்டிருப்பது அவர்களுக்கே பெரிய வியப்பாக இருந்தது.

“எந்தக் கட்டம் காலின்னு எப்பிடிம்மா தெரிஞ்சுக்கறது?” என்று அவள் கேட்டாள்.

“கலர்தான்க்கா” என்றாள் அந்தப் பெண். “பச்சைன்னா காலி. சிவப்புன்னா ஃபுல்.”

“எனக்கும் அது தெரியாது” என்று ஒரு குரல் கேட்டது. குழுத்தலைவர். எல்லாரும் திரும்பினார்கள். அவர் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. “பச்சையும் சிவப்பும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்து மேலயும் மவுஸை வச்சு, என்ன வருதுன்னு பாத்துப்பேன்.”

“சார்! இத்தன வருஷமா எங்ககிட்ட சொல்லவே இல்லையே?” என்றாள் அந்தப் பெண்.

“எப்படிச் சொல்றது? நாமதானே இதை விக்கறோம்.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “முதல்லேர்ந்து சொல்லுங்க. ஃபோன் வந்தா நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?” என்றார். அடுத்த வருஷம் என்ற பேச்சு அதோடு போயிற்று.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். தேநீர் வந்தது, பஜ்ஜி வந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். பட்டனுக்குப் பெயர் வேண்டும். காலி, முழு என்று கட்டத்தில் எழுத்தாகவே வேண்டும். மவுஸ் இல்லாமல் எல்லா வேலையும் முடிய வேண்டும். தப்பு நடந்தால் திரையில் சிவப்பாக மின்னினால் போதாது, சொல்ல வேண்டும். கேட்கக் கேட்க எனக்கே வெளிச்சமாயிற்று. இதெல்லாம் பார்வை இல்லாதவளுக்குச் செய்கிற தனிச் சலுகையே இல்லை. நல்ல மென்பொருள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அந்த மாதம் பறந்தது. பிரியாணிப் பையன் எங்கள் ஆளாகவே ஆகிவிட்டான். “மேடம், புது வெர்ஷன் போட்டிருக்கோம். கொஞ்சம் வந்து திட்டுங்க” என்று கூப்பிடுவான். இவளும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஆசை தீரத் திட்டுவாள். மறுநாள் அது சரியாகி வரும்.

நான் என் பங்குக்கு வேறொரு வேலையில் இறங்கினேன். எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டால் கிளினிக்குக்குள் ஐ.டி. ஆள் எதற்கு என்று ஒன்றிரண்டு டாக்டர்கள் கேட்டிருந்தார்கள். ஹோட்டலில் சாப்பாடு வாங்கினால் வீட்டில் தட்டே வேண்டாம் என்பது மாதிரியான பேச்சு அது. சர்வர் யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். அதுவரை போய்ச் சேருகிற வழி நம்முடையது. வேறொரு நிறுவனத்திடம் இரண்டாவது இன்டர்நெட் இணைப்பு வாங்கி, ஒன்று போனால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும்படி மூன்று கிளைகளிலும் வைத்தேன். அன்றன்றைய அப்பாயின்ட்மென்ட்டுகளின் நகல் காலையிலேயே ஒவ்வொரு மேஜைக்கும் வந்து சேரும்படி செய்தேன்.

மாறுகிற நாள் ஒரு திங்கட்கிழமை. திங்கள் காலை என்றால் எங்கள் ஃபோன்கள் ஓயாது. ஞாயிறு முழுக்க வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். நிர்வாகி சீக்கிரமே வந்து முன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் காபி மட்டும் குடித்திருந்தேன்.

முதல் மணி அடித்தது. அவள் எடுத்தாள். வழக்கமான அதே குரல்.

“வணக்கம், சொல்லுங்க ஐயா... முட்டியா? எந்தக் கால்ல? சரி. நாளைக்குப் பத்தரைக்கு வரீங்களா? மாடி ஏற வேணாம், லிஃப்ட் கீது. மெசேஜ் வரும், பாருங்க.”

அவ்வளவுதான். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நான் மூச்சை விட்டேன்.

ஒன்பது மணிக்குமேல் கூட்டம் ஏறியது. பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் மவுஸை வைத்துக்கொண்டு கட்டத்தைத் தேடுவதும், பெயரை இழுக்கும்போது வேறெங்கோ நழுவ விடுவதுமாகத் திணறினார்கள். இவள் பாட்டுக்குத் தமிழில் ஒன்று, உருதுவில் ஒன்று என்று போட்டுக்கொண்டே போனாள். நடுவில் என் ஃபோனுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. தெருவில் யாரோ பள்ளம் தோண்டியதில் எங்கள் முதல் இணைப்பு அறுந்திருந்தது. மாடிப்படியில் ஓட ஆரம்பித்தவள் பாதியில் நின்றேன். இரண்டாவது இணைப்பு எப்போதோ அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. முன் கூடத்தில் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் வேலையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. படிக்கட்டிலேயே நின்று தனியாக ஓர் ஆட்டம் போட்டேன் என்றால் நம்புவீர்களா? வாட்ச்மேன் பார்த்துவிட்டார். “இன்னா மேடம், லாட்டரியா?” என்று கேட்டார்.

பதினொரு மணி வாக்கில் நிர்வாகி அவளுடைய மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் ஓய்ந்த ஓர் இடைவெளியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தக் கீபோர்டு வித்தையெல்லாம் எனக்கும் சொல்லிக் குடேன். எல்லாரையும் உன்கிட்டயே கத்துக்கச் சொல்லிடறேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கவர் போடற எடத்துக்கு அனுப்பப் பாத்தேனே, அதை மனசுல வச்சுக்காதே” என்றார்.

“வச்சுக்கல மேடம்” என்றாள் அவள். “ஆனா அங்க ஃபேன் இல்ல. அங்க உக்கார்றவங்களுக்கு ஒரு ஃபேன் போட்டுக் குடுங்க.”

அன்று மத்தியானமே ஃபேன் வந்தது.

ஒரு வாரத்துக்குள் மூன்று கிளைகளிலும் எல்லாரும் மவுஸைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். அடையாறு கிளைக்கும் தி. நகர் கிளைக்கும் அவளே போய்ச் சொல்லிக் கொடுத்தாள். மென்பொருள் கம்பெனியில் வாரத்துக்கு ஒருநாள் வந்து சோதித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். “சும்மால்லாம் வந்து திட்ட மாட்டேன் சார், சம்பளம் போட்டாத்தான் திட்டுவேன்” என்றாள். போட்டார்கள். எங்கள் நிர்வாகியும் அந்த நாளுக்கு விடுப்பு தந்தார். இப்போது எங்கள் கிளினிக்குக்கு எந்த மென்பொருள் விற்க வந்தாலும், அதை முதலில் அவள் உபயோகித்துப் பார்த்துச் சரி என்றால்தான் மேலே பேச்சு.

சில மாதம் கழித்து ஒரு மாலை, வேலை முடிகிற நேரத்தில் அவளுக்கு ஒரு ஃபோன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர். அவருக்கும் பார்வை கிடையாது. அதே மென்பொருளை அங்கேயும் வாங்கியிருந்தார்களாம். அது வந்த நாளிலிருந்து, உன்னால் முடியாது என்று அவரை மேஜையை விட்டு எழுப்பி, ஒரு மூலையில் சும்மா உட்கார வைத்துவிட்டார்களாம். திடீரென்று ஒருநாள் புது வெர்ஷன் வந்திருக்கிறது. அவர் சும்மா திறந்து பார்த்திருக்கிறார். எல்லாம் பேசியிருக்கிறது. கம்பெனிக்கு ஃபோன் போட்டு யார் செய்தது என்று விடாமல் விசாரித்து, எங்கள் பிரியாணிப் பையனிடமிருந்து இவளுடைய எண்ணை வாங்கியிருக்கிறார்.

“திரும்ப எம் மேசைக்கே வந்துட்டேன், தங்கச்சி. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

ஃபோனை வைத்துவிட்டு அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள். அப்புறம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வாக்கா, பட்டினப்பாக்கம் போலாம். மீன் வறுவல் நான் வாங்கித் தரேன்.”

போனோம். கடல் காற்று தூக்கியடித்தது. கல்லிலிருந்து எடுத்த வஞ்சிரத் துண்டுகளை இலையில் வாங்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டே தின்றோம்.

“அவரு குரல்ல எவ்ளோ கெத்து, கேட்டியாக்கா?” என்றாள்.

“உன் குரல்ல மட்டும் கொறைச்சலா என்ன?” என்றேன்.

தலையைத் தூக்கிக்கொண்டு கடகடவென்று சிரித்தாள். அடுப்படியில் நின்றிருந்த கடைக்கார அம்மா காரணம் தெரியாமலே தானும் சிரித்து, இன்னும் இரண்டு துண்டு எங்கள் இலையில் வைத்தாள்.